குழந்தை திரும்பிப் பார்க்கும்வரை காத்திருங்கள்

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை, காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. அந்தப் பெற்றோரில் பலர் அதுவரை காது கேளாத ஒருவரோடு நெருங்கிப் பழகியதே இல்லை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றுவரை செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேர்வது இல்லை. எல்லா ஊர்ப் பிரசவ வார்டுகளிலும் நேர்வதுதான்.

செய்தி தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “பிள்ளை பேசுமா டாக்டர்?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முழு விடை கிடைக்க வருடங்கள் ஆகும். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. இன்று மாலை அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து மடியில் கிடத்தும்போது, அம்மா அதனோடு எப்படி உறவாடுவது? அப்பா எப்படி விளையாட்டுக் காட்டுவது? குழந்தையின் மூளை மொழிக்காகத் தயாராகும் மாதங்கள் இவைதான். அவற்றைக் கைவிட்டுவிட்டுக் கருவிக்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் காலத்திலும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

பிறக்கும் முன்பே தொடங்கும் பேச்சு

கேட்கும் திறனுள்ள குழந்தை, வயிற்றில் இருக்கும்போதே தாயின் குரலுக்குப் பழகிவிடுகிறது. ஏழாம் மாதத்துக்குள் கரு ஒலிக்கு அசைந்து கொடுக்கத் தொடங்குகிறது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி ஏற்பாடு செய்தார்கள். வேறு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலே அதிகம் கேட்கும்படி குழந்தைகள் சப்பின.

காது கேளாத குழந்தைக்கு இந்த முன்பழக்கம் கிடைப்பதில்லை. ஆனால் அது வெறுங்கையோடும் வருவதில்லை. தாயின் உடல் வாசனை அதற்குத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரத்தில்தான் பிறந்த குழந்தையின் பார்வை ஓரளவு தெளிவாக இருக்கும். கை படுவதும், நெஞ்சோடு அணைத்துப் பாடும்போது எழும் அதிர்வும் அதற்கு எட்டும். முகம் பார்த்துச் சிரிப்பதும், நாம் நாக்கை நீட்டினால் உற்றுப் பார்ப்பதும், தூக்கச் சொல்லிக் கை நீட்டுவதும் காது கேளாத குழந்தைக்கும் உரியவையே. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசம் உருவாகக் காது கேட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டில் ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

முதல் சில மாதங்களில் காது கேளாத குழந்தையும் ‘ங்கா’ என்கிறது, கத்துகிறது, கலகலவென்று சிரிக்கிறது. இந்த ஒலிகள் கேட்டுக் கற்றவை இல்லை, தானாக வருபவை. அதனால் குரல் இருப்பதைக் கண்டு வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். வேறுபாடு பிறகுதான் தெரிகிறது. கேட்கும் குழந்தை ஆறு முதல் பத்து மாதத்துக்குள் ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று அசை அசையாக மழலை பேசத் தொடங்கும். காது நன்றாகக் கேளாத குழந்தைகளிடம் இந்த மழலை பதினோராவது மாதத்துக்குப் பிறகே வருகிறது, சிலரிடம் இரண்டு வயதுவரைகூடத் தள்ளிப்போகிறது என்பதை 1988இல் ஆலர், ஐலர்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

வீட்டில் செய்யும் சோதனைகளும் ஏமாற்றிவிடும். தட்டைத் தட்டுகிறோம், கதவைச் சாத்துகிறோம், குழந்தை திரும்புகிறது. ஒலியைக் கேட்டுத்தான் திரும்பியது என்று முடிவு கட்டிவிடுகிறோம். தரையின் அதிர்வு, நிழல், காற்று, கண்ணோரத்தில் தெரிந்த அசைவு என்று எதற்காகவும் அது திரும்பியிருக்கலாம். காது கேளாத குழந்தை இவற்றையெல்லாம் கூர்ந்து கவனிக்கும். “அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்லும் ஆறுதலில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதலை நம்பி இழக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. சந்தேகம் வந்தால் பரிசோதனை ஒன்றே வழி.

பார்த்துக்கொண்டே கேட்பது

கேட்கும் குழந்தை ஒரு மஞ்சள் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா பின்னாலிருந்து, “வாளி, வாளியில தண்ணி இருக்கா?” என்கிறாள். குழந்தை கண்ணை எடுக்காமலே சொல்லையும் பொருளையும் ஒரே நேரத்தில் பெற்றுக்கொள்கிறது. பார்ப்பது ஒரு வழி, கேட்பது இன்னொரு வழி. இரண்டு வழிகளும் சேருமிடத்தில் சொல் பிறக்கிறது. ஒரு நாளில் எத்தனையோ முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே இது நடந்துவிடுகிறது.

காது கேளாத குழந்தைக்கு வாளியைப் பார்ப்பதற்கும் அம்மாவைப் பார்ப்பதற்கும் இருப்பது அதே கண்கள்தான். அம்மாவின் முகத்தையோ கையையோ பார்த்தால் வாளி விலகிவிடும். வாளியைப் பார்த்தால் அம்மா சொல்வது போய்விடும். காது நான்கு பக்கமும் திறந்த திண்ணை, யாரும் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். கண் ஒரு ஜன்னல், அதற்கு நேரே வந்து நின்றால்தான் தெரியும். எனவே காது கேளாத குழந்தையுடன் உறவாடுவது முறை வைத்து நடக்க வேண்டும். முதலில் பொருள், பிறகு முகம், மறுபடி பொருள். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் விளங்கிவிடும்.

கேட்கும் பெற்றோருக்கு இது இயல்பாக வராததில் வியப்பில்லை. குழந்தை வேறு பக்கம் பார்த்தால் கூப்பிடுவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் சத்தத்தைக் கூட்டுகிறோம். பிறகு முகவாயைப் பிடித்துத் திருப்புகிறோம், கையிலிருக்கும் பொம்மையை வாங்கி வேறொன்றைக் கொடுக்கிறோம். குழந்தைக்கோ, தான் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தது காரணமில்லாமல் பறிபோகிறது. அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “என்னைப் பிடிக்கவில்லையோ” என்று அம்மா உடைந்துபோகிறாள். காது கேளாத குழந்தையை வளர்க்கும் கேட்கும் தாய்மார் விளையாட்டைத் தாங்களே அதிகமாக இழுத்து நடத்துகிறார்கள் என்று பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதற்குக் காரணம் அன்புக் குறைவு இல்லை. பதில் வராத தவிப்புதான் அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. குறைபாடு சீக்கிரம் தெரிந்து, நல்ல வழிகாட்டுதலும் கிடைத்த குடும்பங்களில் இந்தத் தவிப்பு வெகுவாகக் குறைகிறது.

காது கேளாத தாய்மாரிடம் கற்க வேண்டியவை

இந்த விஷயத்தில் உண்மையான ஆசிரியர்கள் காது கேளாத தாய்மார்கள்தான். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் காது கேளாதோருக்கென நடக்கும் காலடெட் பல்கலைக்கழகத்தில், கேத்ரின் மெடோ ஆர்லன்ஸ், பட்ரீசியா ஸ்பென்சர், லின் கோஸ்டர் ஆகியோர் பல வருடங்கள் தாய்–சேய் இணைகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். இருவருக்கும் கேட்காது, இருவருக்கும் கேட்கும், தாய்க்கு மட்டும் கேட்காது, சேய்க்கு மட்டும் கேட்காது என நான்கு வகை இணைகளையும் ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2004இல் நூலாக வந்தது. இதுவும் இதை ஒத்த பிற ஆய்வுகளும் காட்டும் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

முதலாவது, காத்திருத்தல். காது கேளாத தாய், குழந்தை பொருளைப் பார்த்து முடித்துத் தானாகத் தன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருக்கிறாள். பார்த்ததும் சிரிப்போடும் சைகையோடும் பதில் தருகிறாள். ‘அம்மா முகத்தைப் பார்த்தால் ஏதோ நல்லது கிடைக்கும்’ என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. இதனால் காது கேளாத தாய் ஒரு நாளில் செய்யும் சைகைகள், கேட்கும் தாய் பேசும் சொற்களைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி குழந்தையின் கண்ணில் படுகிறது. குழந்தை பார்க்காத நேரத்தில் செய்த சைகையால் எந்தப் பயனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது, குழந்தையின் பார்வை இருக்கும் இடத்துக்கே மொழியைக் கொண்டுபோதல். குழந்தை பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், தாய் பந்துக்குப் பக்கத்திலேயே கையை நீட்டிச் சைகை செய்கிறாள். பந்தை எடுத்துத் தன் முகத்தருகே வைத்துக்காட்டிச் சைகை செய்கிறாள். சில சமயம் குழந்தையின் கன்னத்திலோ வயிற்றிலோ அந்தச் சைகையைச் செய்கிறாள். இவ்வாறு சொல்லும் பொருளும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன.

மூன்றாவது, தொடுதல். தோளில் மெல்லத் தட்டுவது, காலை வருடுவது, தரையைத் தட்டுவது, கண்ணெதிரே கையசைப்பது எல்லாம் ‘என்னைப் பார்’ என்பதற்கான அழைப்புகள். தட்டினால் திரும்ப வேண்டும் என்பது குழந்தைக்குப் பிறவியிலேயே தெரிவதில்லை, மாதக்கணக்கில் பழக்க வேண்டும். தாய் அறையை விட்டுப் போகும்போதும் மடியிலிருந்து இறக்கும்போதும் முன்கூட்டியே ஒரு தொடுதலால் தெரிவிக்கிறாள். கேட்கும் குழந்தைக்கு அடுப்படியில் நடமாடும் சத்தமே அம்மா இருக்கிறாள் என்று சொல்லிவிடும். காது கேளாத குழந்தைக்குக் கண்ணை விட்டு மறைந்தால் ஆளே காணோம். அதனால் அதற்கு முன்னறிவிப்பு அவசியம்.

நான்காவது, முகம். ஜப்பானிய ஆய்வாளர் நொபுவோ மசடாகா 1992இல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாத தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளிடம் சைகை செய்யும்போது மெதுவாகவும் பெரிதாகவும் திரும்பத் திரும்பவும் செய்வதைக் காட்டினார். நாம் குழந்தையிடம் குரலை உயர்த்தி, இழுத்து, கொஞ்சிப் பேசுகிறோமே, அதையே அவர்கள் கைகளால் செய்கிறார்கள். குழந்தைகளும் பெரியவர்களிடம் செய்யும் சைகையைவிட இந்தக் கொஞ்சல் சைகையையே அதிக நேரம் பார்த்தன. சைகை மொழியையே அதுவரை பார்த்திராத, காது கேட்கும் குழந்தைகளும் அதையே விரும்பிப் பார்த்ததை அவர் பின்னர் கண்டார். கொஞ்சலுக்குக் குரல் கட்டாயம் இல்லை.

இப்படி வளரும் குழந்தைகளிடம் பார்வையின் கூர்மை முன்கூட்டியே வளர்கிறது. காது கேளாத பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள், கேட்கும் குழந்தைகளைவிடச் சிறப்பாகப் பிறர் பார்வை போகும் திசையைப் பின்தொடர்ந்து பார்க்கின்றன என்று ரிஷெல் புரூக்ஸ், ஜென்னி சிங்கிள்டன், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

கையாலும் மழலை வரும்

கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ந்த லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்தே சைகை மொழியைக் கண்ட காது கேளாத குழந்தைகள், பத்து மாத வயதில் கைகளால் மழலை பேசின. பொருள் இல்லாத, ஆனால் சைகை மொழியின் அசைகளை ஒத்த கையசைவுகளை அவை திரும்பத் திரும்பச் செய்தன. மற்றக் குழந்தைகள் வாயால் ‘பாபாபா’ சொல்லும் அதே பருவம் அது. மொழி கற்கும் ஆற்றல் காதையோ நாக்கையோ மட்டும் நம்பி இல்லை. எந்த வழியில் மொழி தெளிவாக வந்து சேர்கிறதோ, அந்த வழியில் மூளை அதை எடுத்துக்கொள்கிறது.

மொழி எந்த வழியிலும் வராவிட்டால் என்ன ஆகும்? சூசன் கோல்டின் மெடோ, அமெரிக்காவிலும் தைவானிலும் சைகை மொழி அறியாத, கேட்கும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் தாங்களாகவே வீட்டுச் சைகைகளை உருவாக்கி, ஒரு ஒழுங்கோடு கோத்துப் பேசினார்கள். பெற்றோரின் கையசைவுகளில் இல்லாத ஒழுங்கு அது. குழந்தைக்குள் இருக்கும் மொழித் தாகம் அவ்வளவு பெரியது. ஆனால் தனியொரு குழந்தை ஒரு முழு மொழியைத் தானே கட்டி எழுப்பிவிட முடியாது. அதற்குப் பெரியவர்களிடமிருந்து மொழி வந்தாக வேண்டும். கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

பெற்றோருக்குக் காது கேளாவிட்டால்?

தாய் தந்தைக்குக் காது கேட்காமல் குழந்தைக்குக் கேட்கும் வீடுகளும் உண்டு. “குழந்தை அழுதால் எப்படித் தெரியும்?” என்று ஊரார் முதலில் கேட்பார்கள். அழுகைச் சத்தத்தை விளக்கொளியாகவோ தலையணை அதிர்வாகவோ மாற்றும் கருவிகள் இருக்கின்றன. கருவி இல்லாத வீட்டில் தாய் கையைக் குழந்தையின் மேல் வைத்தபடியே தூங்குகிறாள். அந்தக் குழந்தைகள் அம்மாவின் கவனத்தை ஈர்க்கத் தொட வேண்டும், கண்ணில் பட வேண்டும் என்பதைச் சிறு வயதிலேயே கற்றுவிடுகிறார்கள். வீட்டில் சைகை மொழியையும், உறவினர், அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு மொழியையும் பெற்று இருமொழியாளராக வளர்கிறார்கள். பெற்றோருக்குக் காது கேட்காததால் குழந்தை கெட்டுப்போகும் என்ற பயத்தில், பிள்ளையைப் பிரித்துப் பாட்டி வீட்டில் வளர்ப்பது அநியாயம்.

பரிசோதனை, கருவி, மொழி

சர்வதேச அளவில் நிபுணர்கள் சொல்லும் கணக்கு எளியது: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல். முதல் பரிசோதனையான ஓ.ஏ.இ., தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் சந்தேகம் வந்தால் ‘பேரா’ (BERA) என்ற அடுத்த டெஸ்ட் செய்வார்கள். இரண்டிலும் வலி இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 150 குழந்தைகளை ஆராய்ந்து கிறிஸ்டின் யோஷினாகா இடானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட முடிவு, இந்தக் கணக்குக்கு வலுவான ஆதாரம். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னணியில் இருந்தார்கள். சைகை வழியோ பேச்சு வழியோ, இரண்டிலும் அந்த நன்மை தெரிந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் உள்ள, டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போகலாம். 2013இல் தொடங்கிய, ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தையோடு தாயையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் பள்ளி. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களும், குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருப்பவர்களும், குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்களும், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) குழந்தையை வைத்திருந்தவர்களும் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

சைகை மொழி கற்றால் குழந்தை பேசாமல் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் ஒரு மொழியில் ஊன்றிய குழந்தைக்கு அடுத்த மொழிக்கான அடித்தளம் கிடைக்கிறது. மொழியே இல்லாமல் கழியும் காலம்தான் உண்மையான ஆபத்து. கருவி மாட்டினாலும், இம்ப்ளான்ட் வைத்தாலும், கேட்டுப் பழக மாதங்கள் ஆகும். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தபோது அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. அந்த நேரங்களிலும் அதற்கு அம்மா அப்பாவின் மொழி வேண்டும். இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் டெல்லியில் ஆய்வு, பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அது வெளியிட்டுள்ள அகராதியும் வீடியோக்களும் பெற்றோருக்குக் கைகொடுக்கும்.

இன்றே தொடங்கக் கூடியவை

குழந்தையின் கண் உயரத்துக்கு நீங்கள் இறங்குங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அது உங்களைப் பார்க்கக் காத்திருங்கள். பார்த்ததும் சிரியுங்கள், சைகை செய்யுங்கள், வாயாலும் சொல்லுங்கள், பிறகு பொருளைப் பார்க்க அதற்கு நேரம் விடுங்கள். தூக்குவதற்கு முன் காட்டுங்கள், போவதற்கு முன் தொடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறூட்டி, கை வழியே கிச்சுகிச்சு மூட்டும் நம் பாட்டிமார் விளையாட்டு கண்ணாலும் தோலாலும் முழுவதும் ரசிக்கக் கூடியது. அதை இன்றே விளையாடுங்கள். ஒரு பழக்கத்தை மட்டும் தாயோடு நிறுத்தாமல் அப்பா, தாத்தா, பாட்டி, அக்கா எல்லோரும் கற்க வேண்டும்: பின்னாலிருந்து கூப்பிடாமல் முன்னால் வந்து நிற்பது.

உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தத் தாயிடம் “யார் வழியில் வந்தது?” என்று கேட்காதீர்கள். அவள் கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று விசாரிக்காதீர்கள். உங்களால் முடிந்தால் நாலு சைகைகளைக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை வரும்போது குழந்தையிடம் நேராகப் பேசுங்கள். காது கேளாத பெரியவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தங்கள் பிள்ளை வளர்ந்து எப்படி வாழும் என்பதை அந்தப் பெற்றோர் முதன்முறையாகக் கண்ணால் பார்ப்பார்கள். எந்த ஆலோசனையையும்விட அது அவர்களுக்குப் பெரிய தைரியம் தரும்.